மார்பக லிஃப்டோடு சேர்த்து இம்ப்ளான்ட்: எத்தனை சிசி வரை தாங்கும்?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 36, இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் பால் கொடுத்தவர், பிறகு 14 கிலோ எடை குறைத்திருக்கிறார். இப்போது மார்பகம் காலிப் பைபோல் தொங்குகிறது, காம்பு தரையைப் பார்க்கிறது. பினாங்குத் தீவில் அவர் பார்த்த அறுவை மருத்துவர், லிஃப்ட் (தொங்கும் மார்பகத்தைத் தூக்கித் தைப்பது) செய்து, உள்ளே 255 சிசி, அதாவது 255 மில்லி, இம்ப்ளான்ட் வைக்கலாம் என்கிறார். பேங்காக்கில் உள்ள ஒரு கிளினிக் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, 425 வைக்கலாம், லிஃப்டும் சேர்த்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வாட்சப்பில் பதில் போட்டிருக்கிறது. ஏற்கெனவே செய்துகொண்ட தோழியோ, "400-க்குக் கீழே வைக்காதே, எல்லாரும் அப்புறம் சின்னதாப் போச்சேன்னுதான் வருத்தப்படுறாங்க" என்கிறார். எது பாதுகாப்பான அளவு என்பது கேள்வி.

கேட்டிருப்பது ஓர் எண். என் காதில் விழுவது வேறு: உள்ளூர் மருத்துவர் பயந்துகொண்டு குறைக்கிறாரா, பேங்காக்காரர் காசுக்காகக் கூட்டுகிறாரா, இவ்வளவு பணமும் வலியும் போட்டுவிட்டு, பிறகு கண்ணாடி முன் நின்று வருத்தப்படுவேனா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவர் இல்லை, அறுவை அறைத் தாதி. கோலாலம்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் தொடங்கி, பினாங்கில் தனியாரில் ஓய்வு பெறும்வரை 27 வருடம். அதில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரி மேசையில். நான் கத்தி பிடித்ததில்லை. கத்தியை எடுத்துக் கொடுத்தவள். இம்ப்ளான்ட் டப்பாவைத் திறக்குமுன் அளவையும் எண்ணையும் உரக்கப் படித்தவள். ஆகவே உங்களுக்கு 255 சரியா, 280 சரியா என்று என்னால் சொல்ல முடியாது. உங்களைத் தொட்டுப் பார்க்காத யாராலும் முடியாது, அந்த வாட்சப் கிளினிக்கும் இதில் சேர்த்தி. ஆனால் அந்த எண் எங்கிருந்து பிறக்கிறது என்று சொல்ல முடியும்.

லிஃப்டும் இம்ப்ளான்டும் ஒன்றையொன்று இழுக்கும் வேலைகள். லிஃப்டில் மிச்சத் தோலை வெட்டி எடுத்து, மீதியை இறுக்கித் தைக்கிறார்கள். இம்ப்ளான்ட் உள்ளே போய், அதே தோலை வெளியே தள்ளுகிறது. தையல்காரரிடம் ஒரே ரவிக்கையைக் கொடுத்து, "பக்கத்தைப் பிடிச்சுக் கொடுங்க, அதே நேரம் உள்ளே இன்னும் கொஞ்சம் இடமும் விட்டுக் கொடுங்க" என்றால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பாரா இல்லையா? துணி தாங்காத இடத்தில் தையல் பிரியும். துணியை மறுபடி வாங்கலாம். தோலை வாங்க முடியாது. அதனால்தான் தனியாக இம்ப்ளான்ட் வைப்பதைவிடவும், தனியாக லிஃப்ட் செய்வதைவிடவும், இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது மறு அறுவை தேவைப்படுவது அதிகம். இதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அடுத்தது இரத்த ஓட்டம். இதைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை. காம்புக்கும் அதைச் சுற்றிய கருவட்டத்துக்கும் இரத்தம் பல பக்கமிருந்து வருகிறது: நெஞ்செலும்பின் ஓரமாக, அக்குள் பக்கமாக, விலா இடுக்குகளின் வழியாக, அடியிலிருந்தும். லிஃப்டில் காம்பை மேலே நகர்த்த, சுற்றிலும் வெட்டியாக வேண்டும். ஒரு பக்கத் திசுவை மட்டும் பாலம்போல் விட்டுவைப்பார்கள். இம்ப்ளான்ட் உட்கார உள்ளே பைபோல் இடம் எடுக்கும்போது அடியிலிருந்து வரும் குழாய்களும் சில போகும். மிஞ்சியிருக்கும் அந்தப் பாலத்தை உள்ளேயிருந்து ஒரு கனமான பொருள் அழுத்தினால் என்ன ஆகும்? பை பெரிதாக எடுக்க எடுக்க வெட்டுப்படும் குழாய்கள் கூடும், அழுத்தமும் கூடும். காம்பு பகுதியாகவோ முழுதாகவோ இறந்துபோவது அரிது. ஆனால் நடக்கும், நடந்தால் திரும்பாது.

ஒருமுறை பார்த்ததைச் சொல்கிறேன். 375 வைத்து, தோலை மூடிப் பார்த்தார்கள். நம்மவர்கள் மாதிரிக் கறுத்த தோல். நிறம் மாறுவது சட்டென்று தெரியாது. மருத்துவர் கருவட்டத்தின் விளிம்பில் ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்தார். கருநீல இரத்தம் வேகமாகக் கசிந்தது. உள்ளே போன இரத்தம் திரும்பி வர வழியில்லாமல் தேங்குகிறது என்று அர்த்தம். (இரத்தமே வராவிட்டால் இன்னும் மோசம்.) அவர் ஒன்றும் பேசவில்லை. தையலைப் பிரித்து, 375-ஐ வெளியே எடுத்து, ஈரத் துணியைப் போட்டு மூடிவிட்டுக் காத்திருந்தார். அறுவை அறையில் சுவர்க் கடிகாரம் அவ்வளவு மெதுவாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. நிறம் திரும்பியபின் 275 கேட்டார். அந்தப் பெண் பிறகு வெளிநோயாளி வரிசையில், "நான் கேட்ட சைஸ் வைக்கலையே மிஸ்ஸி" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். மருத்துவர் விளக்கியிருந்தார்தான். மயக்கத்தில் கிடந்தவருக்கு அந்தக் கால் மணி நேரம் எப்படிப் புரியும்?

இப்போது அளவுக்கு வருவோம். நல்ல மருத்துவர் சிசியில் தொடங்க மாட்டார், சென்டிமீட்டரில் தொடங்குவார். முதலாவது, மார்பகத்தின் அடி அகலம்: உள் ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை. இம்ப்ளான்டின் விட்டம் அதற்குள் அடங்க வேண்டும், உங்கள் சொந்தத் திசுவின் தடிமனுக்கும் கொஞ்சம் கழித்துக்கொண்டு. அடி அகலம் 12 சென்டிமீட்டர் என்றால் 13 சென்டிமீட்டர் விட்டமுள்ளதை வைக்கக் கூடாது. வைத்தால் அக்குள் பக்கம் பிதுங்கும், இல்லையென்றால் நடுவில் இரண்டும் முட்டும். இரண்டாவது, மேல்பகுதியை விரலால் கிள்ளிப் பார்க்கும் தடிமன். அது 2 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இம்ப்ளான்டின் விளிம்பு தெரியும் என்பதால், நெஞ்சுத் தசையின் மறைப்பைத் தேடுவார்கள். எடை குறைத்தவர்கள் பலருக்கும் இதுதான் நிலை. மூன்றாவது, தோலை முன்னால் இழுத்தால் எவ்வளவு வருகிறது என்பது. நான்காவது, காம்பிலிருந்து அடிமடிப்பு (மார்பகத்துக்குக் கீழே விழும் மடிப்பு) வரை தோலை இழுத்துப் பிடித்து அளக்கும் நீளம். கழுத்துக் குழியிலிருந்து காம்பு வரை உள்ள நீளத்தையும் எழுதிக்கொள்வார்கள்; அது காம்பை எவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும் என்பதைச் சொல்லும். தூரம் கூடக் கூட, அந்தப் பாலம் நீளமாகி இரத்த ஓட்டம் பலவீனமாகும். உங்கள் 255 இந்த அளவுகளிலிருந்து வந்திருந்தால் அது கணக்கு, பயம் இல்லை.

சிசி என்பது கொள்ளளவு மட்டுமே. ஒரே 300 சிசி, தட்டையான மாடலில் சுமார் 13 சென்டிமீட்டர் விட்டமும், உயரமான மாடலில் சுமார் 11 சென்டிமீட்டர் விட்டமும் இருக்கும். தோழியின் 400 அவருடைய அகன்ற நெஞ்சில் இதமாக உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு லிஃப்ட் செய்தார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். தோல் வெட்டாமல் வைத்த 400-ஐயும், வெட்டித் தைத்த தோலுக்குள் வைக்கும் 400-ஐயும் ஒப்பிடவே முடியாது. உயரமான மாடலை எடுத்துக்கொண்டால் குறுகிய நெஞ்சிலும் 400 நுழைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். நுழையும்தான். ஆனால் எல்லாக் கனமும் முன்னோக்கித் தள்ளுவதால் புதுத் தையலுக்குத்தான் அது அதிகச் சோதனை.

கனத்தையும் சொல்லியாக வேண்டும். சிலிக்கான் ஜெல் ஒரு சிசி ஏறக்குறைய ஒரு கிராம். 425 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 850 கிராம், ஒரு கிலோ சீனிப் பொட்டலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 255 என்றால் அரைக் கிலோ. உங்கள் தோல் ஏற்கெனவே இரண்டு முறை கர்ப்பத்தில் விரிந்து, எடை குறைந்து தளர்ந்த தோல். வெட்டித் தைத்ததனால் அது புதுத் தோல் ஆகிவிடாது. நீளம்தான் குறைந்திருக்கிறது, இழுவை திரும்பி வரவில்லை. கனம் கூடினால் இம்ப்ளான்ட் அடிமடிப்பைத் தாண்டிக் கீழே இறங்கும், காம்பு மேலே பார்க்கும். இறக்கத்தைச் சரிசெய்ய வந்து, வேறு ஓர் இறக்கத்தை விலைக்கு வாங்குகிற கதை. ஐந்து வருடம் கழித்து இப்படித் திரும்பி வந்தவர்களை மேசையில் பார்த்திருக்கிறேன். இரண்டாம் அறுவை முதல் அறுவையைவிடக் கடினம், செலவும் கூட.

இதற்கு நேர் எதிரான ஒரு வலையும் உண்டு. "பெரிய சைஸ் வைத்தால் அதுவே நிரப்பிவிடும், லிஃப்டே வேண்டாம், தழும்பும் இருக்காது" என்பார்கள். காம்பு அடிமடிப்பு மட்டத்திலோ சற்று மேலேயோ இருந்தால் சிலருக்கு இது ஒத்துவரும். உங்களைப்போல் காம்பு மடிப்புக்கும் கீழே போய்த் தரையைப் பார்த்தால், இம்ப்ளான்ட் மேலே ஒரு மேடாக நிற்கும், உங்கள் மார்பகம் அதன்மேல் வழிந்து தொங்கும். அங்கே லிஃப்ட் இல்லாமல் வேலை நடக்காது.

எண் வேண்டும் என்று அடம்பிடித்தால், நான் பார்த்த வழக்கத்தைச் சொல்கிறேன், விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்ப் பெண்களின் உடம்புவாகில், ஒரே அறுவையில் இரண்டும் செய்யும்போது நான் திறந்து கொடுத்த டப்பாக்களில் பெரும்பாலானவை 200-க்கும் 300-க்கும் இடையில் இருந்தன. 350-ஐத் தாண்டுவது, அகன்ற நெஞ்சும் தடித்த திசுவும் உள்ளவர்களுக்கு எப்போதாவதுதான். மேசையிலும் நேரடியாக அந்த எண்ணுக்குப் போக மாட்டார்கள். முதலில் சோதனை இம்ப்ளான்டை வைத்து, தோலை வெட்டுவதற்கு முன் ஸ்டேப்பிள் போட்டு மடித்துப் பிடித்து, மயக்கத்தில் இருப்பவரை மேசையோடு நிமிர்த்தி உட்கார வைப்பார்கள். மருத்துவர் கால்மாட்டுக்கு வந்து, தலையைச் சாய்த்து இரண்டு பக்கத்தையும் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் எவ்வளவு தோல் போக வேண்டும் என்று கோடு போடுவார். அதனால் ஒப்புதல் தாளில் ஒரே எண் இல்லாமல், "240 முதல் 280 வரை" என்பதுபோல் ஒரு வரம்பு இருந்தால் கலங்காதீர்கள். அது கவனமான மருத்துவரின் அடையாளம்.

உறுதியில்லாத விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரே தடவையில் செய்வதா, முதலில் லிஃப்ட் செய்து, புண் ஆறிச் சில மாதங்கள் கழித்து இம்ப்ளான்ட் வைப்பதா என்பதில் நல்ல மருத்துவர்களே இரண்டு கட்சி. ஒரே தடவையில் செலவும் மயக்க மருந்தும் ஒருமுறையோடு முடியும், பலருக்கு நன்றாகவும் அமைகிறது. ஆனால் காம்பை வெகுதூரம் நகர்த்த வேண்டியவர்களுக்கும், பெரிய அளவுதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கும் இரண்டாகப் பிரிப்பதே நல்லது என்பது என் கட்சி. உங்களுக்கு 350-க்கு மேல்தான் மனம் ஆறும் என்றால், வேறு மருத்துவரைத் தேடாதீர்கள். இரண்டு கட்டமாகச் செய்ய முடியுமா என்று இதே மருத்துவரிடம் கேளுங்கள். முதல் கட்டம் முடிந்தவர்களில் சிலர், "இது போதும் மிஸ்ஸி" என்று இரண்டாம் கட்டத்துக்கு வராமலே நின்றதும் உண்டு.

தசைக்கு மேலா அடியா என்பதும், வழவழப்பான மேற்பரப்பா சொரசொரப்பா என்பதும் இன்னும் ஓயாத விவாதங்கள். சொரசொரப்பானது திசுவைப் பிடித்துக்கொண்டு இடம் மாறாமல் இருக்கும் என்று முன்பு விரும்பி வைத்தார்கள். பிறகு இம்ப்ளான்டைச் சுற்றிய உறையில் வரும் ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய்க்கும் அந்த மேற்பரப்புக்கும் தொடர்பு தெரிந்தது. 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டுக்கொண்டதன்பேரில் அல்லர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. வழவழப்பானது அப்படிப் பிடித்துக்கொள்ளாது. அதன் கனத்தைத் தாங்குவது பையும் தோலும்தான். அளவைக் குறைத்துக்கொள்ள இது இன்னொரு காரணம் என்று நான் நினைக்கிறேன். எதை வைத்தாலும் அது ஆயுளுக்கும் நிற்கும் பொருள் இல்லை. சிலிக்கான் வைத்தால் ஐந்தாறு வருடத்தில் ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் ஸ்கேனில் பார்க்க வேண்டும் என்பது அதே அமைப்பின் பரிந்துரை. அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத சிலவற்றை மருத்துவர் கேட்பார், மறைக்காதீர்கள். சிகரெட்டோ வேப்போ உண்டா? நிக்கோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும். வேப் என்பது பழ வாசனை போட்ட நிக்கோட்டின்தான். அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் அறவே கூடாது. நம் வீடுகளில் சர்க்கரை சர்வ சாதாரணம், உங்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாலும் மூன்று மாத சர்க்கரைச் சராசரியைப் பார்த்துவிடுங்கள். காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்ததா? லிஃப்டின் தழும்பு கருவட்டத்தைச் சுற்றியும், அங்கிருந்து கீழேயும், பல பேருக்கு மடிப்போடும் ஓடும். இன்னொரு பிள்ளை எண்ணம் இருந்தால் இப்போது வேண்டாம். எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் ஓரிடத்தில் நின்று ஆறு மாதமாவது போகட்டும்.

வீட்டில் அரிசி கட்டிப் பார்க்கும் பழக்கம் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அளவுக் குவளையில் 255 மில்லி அரிசி அளந்து, நைலான் காலுறையில் போட்டு முடிந்து, ஸ்போர்ட்ஸ் பிராவுக்குள் வைத்துப் பார்ப்பது. தப்பில்லை. ஆனால் தொங்கும் மார்பகத்தின் மேல் வைத்துப் பார்த்தால் பொய்க் கணக்குதான் வரும். முதலில் நல்ல பிடிமானமான பிராவில் மார்பகத்தை மேலே தூக்கி அமர்த்திவிட்டு, பிறகு வையுங்கள். அரை நாள் அதோடு சமைத்து, துணி காயப்போட்டு, மாடிப்படி ஏறி இறங்குங்கள். அரிசி சிலிக்கானைவிட இலேசு, ஆகவே உண்மையான கனம் இன்னும் கொஞ்சம் கூடும். பிறகு 425-க்கும் அதே மாதிரி. தோள்பட்டை சொல்வதைக் கேளுங்கள்.

பேங்காக் பற்றி: அங்கே அருமையான மருத்துவர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கவலை நாட்காட்டி பற்றியது. லிஃப்ட் தையல்கள் கீழே சந்திக்கும் முக்கில்தான் புண் பிரிவது வழக்கம், அதுவும் பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் வாரத்தில். அப்போது நீங்கள் பட்டர்வொர்த்தில் இருப்பீர்கள், தைத்த கை பேங்காக்கில் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு அவசரப் பிரிவில் பார்க்கும் சின்ன டாக்டருக்கு, உள்ளே எந்த மாடல், தசைக்கு மேலா கீழா என்று ஒன்றும் தெரியாது. எங்கே செய்தாலும், டப்பாவில் இருக்கும் ஒட்டுச்சீட்டு ஒட்டிய அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூரில் செய்தால், மருத்துவரின் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே பார்க்கலாம். அழகியல் கிளினிக் சுவரில் மாட்டியிருக்கும் சுகாதார அமைச்சின் எல்சிபி (அழகியல் சிகிச்சைக்கான அனுமதி) சான்று வேறு. பொது மருத்துவர்களுக்குக் கொடுக்கப்படும் அந்தச் சான்றில் மார்பக அறுவை அடங்காது.

அடுத்த முறை போகும்போது அடி அகலம், மேல்பகுதிக் கிள்ளு தடிமன், தோல் இழுவை, காம்பிலிருந்து மடிப்பு வரை, கழுத்துக் குழியிலிருந்து காம்பு வரை, இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இம்ப்ளான்டின் விட்டமும் மாடலும் பக்கத்தில் இருக்கட்டும். அவற்றை இங்கே போட்டால், 255 எப்படி வந்திருக்கும் என்று படிக்க உதவுகிறேன். படம் மட்டும் இங்கே போடாதீர்கள், எனக்குத் தனிச் செய்தியிலும் அனுப்ப வேண்டாம்.